ஆளுக்குப் பாதி

குழந்தைக் கவிஞர்! இந்தப் பெயரைச் சூட்டும்போது நம் இலக்கிய உலகம் ஒருவரை உயர்த்துகிறதா, ஒதுக்குகிறதா? 'கவிஞர்' என்று மட்டும் சொன்னால் புலவர் அவையில் இருக்கை தந்தாக வேண்டும். 'குழந்தைக் கவிஞர்' என்று சொல்லிவிட்டாலோ தொல்லை இல்லை. பள்ளி ஆண்டு விழா மேடையில் அமர்த்தலாம், மாலை சூட்டலாம், இரண்டு சிறுமியரை ஆடிப் பாடச் செய்து, கைதட்டி, வழியனுப்பியும் வைக்கலாம். காப்பியம் பாடியவன் கவிஞன்; காதல் பாடியவனும் கவிஞன்; ஐந்து வயதுப் பிள்ளை யாரும் சொல்லாமலே எடுத்துப் பாடும் பாட்டை ஆக்கியவன் மட்டும் அரைக் கவிஞனா? அழ. வள்ளியப்பாவின் வாழ்வையும் பணியையும் முன்னிறுத்தி இக்கேள்வியை எழுப்புகிறோம். பாராட்டுரை ஏராளமாகப் பெற்றவர் அவர். ஆராய்ச்சி உரையோ அவருக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது. பாராட்டுப் பெருகி ஆராய்ச்சி அருகுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே அன்றோ!

1922 நவம்பர் 7-ஆம் நாள், அன்றைய புதுக்கோட்டைத் தனியரசைச் சேர்ந்த இராயவரத்தில் பிறந்தவர் வள்ளியப்பா. கல்லூரிப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1940-இல் பிழைப்பு நாடிச் சென்னைக்கு வந்தார். வை. கோவிந்தன் நடத்திவந்த 'சக்தி' அலுவலகத்தில் காசாளர் வேலை கிடைத்தது. அங்கே இதழாசிரியராய் இருந்த தி. ஜ. ரங்கநாதன், காசுப் பெட்டிக்குப் பின்னே ஓர் எழுத்தாளன் அமர்ந்திருப்பதைக் கண்டுகொண்டார், எழுதத் தூண்டினார். அவ்வாறு பிறந்த முதற் கதைக்கு 'ஆளுக்குப் பாதி' என்று பெயர். அப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம். பின்னர் 1941-இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982-இல் ஓய்வு பெற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பகலெல்லாம் பிறர் பணத்தை எண்ணிக்கொண்டு, எஞ்சிய பொழுதில் பிள்ளைகளுக்காகச் சொற்களை எண்ணி வைத்த வாழ்க்கை அது!

1944-இல் 'மலரும் உள்ளம்' என்னும் முதல் தொகுதி வந்தது. அதில் இருந்தவை 23 பாடல்கள். பின்னாளில் அதே பெயர் பெருந்தொகுதிகளுக்கும் ஆயிற்று. 'சிரிக்கும் பூக்கள்', 'ஈசாப் கதைப் பாடல்கள்', 'பாட்டிலே காந்தி கதை' எனப் பாட்டு நூல்கள் தொடர்ந்தன. 'நமது நதிகள்', 'நீலா மாலா' என உரைநடையும் வளர்ந்தது. 'பூஞ்சோலை' முதலிய சிறுவர் இதழ்களை நடத்தினார். வங்கிப் பணி முடிந்த பின் 'கோகுலம்' இதழின் ஆசிரியராய் அமர்ந்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியபோது அதன் தூண்களுள் ஒருவராய் நின்றார். தாம் எழுதியதோடு அமையாது, எழுதக்கூடிய பிறரையும் தேடிப் பிடித்துக் குழந்தைகளின் பக்கம் திருப்பினார். ஒரு துறைக்கே உழவும் உரமும் ஆனவர் அவர்.

இனி, அவர் வந்தபோது அத்துறை எந்நிலையில் இருந்தது என்று பார்ப்போம்.

குழந்தையைப் பாடுவதில் தமிழுக்கு ஈடு எது? வள்ளுவர் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உணவைக் கையால் அளைந்து மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி கண்டு மயங்கினான். பிள்ளைத்தமிழ் என்றே ஓர் இலக்கிய வகை எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழனைக் குழந்தையாக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கினார். காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். பருவத்துக்குப் பத்துப் பாடல்கள். கேட்கக் கேட்கச் செவி குளிரும் செல்வம்தான் அது! ஆயினும் ஒன்று கேட்போம். அவற்றுள் ஒரு பாடலையேனும் குழந்தை பாடியதுண்டா? பாடியவர் பெரியவர், கேட்டவர் பெரியவர், பரிசில் தந்தவரும் பெரியவர். தொட்டிலில் கிடந்தது மன்னனும் தெய்வமுமே. குடிசைத் தூளியில் கிடந்த குழந்தைக்கு அதைப் பெற்றவளின் தாலாட்டே இலக்கியம். அதை ஏட்டில் எழுதி வைக்கப் புலவர் எவரும் வரவில்லை.

திண்ணைப் பள்ளியில் குழந்தைக்கென்று கிடைத்தது ஆத்திசூடி. ஒளவையின் சொற்சுருக்கத்தை வணங்குகிறோம். ஆனால் அதன் வினைகளைப் பாருங்கள்: அனைத்தும் ஏவல், அல்லது விலக்கல். இதைச் செய், அதைச் செய்யாதே என்னும் குரல். 1915-இல் பாரதியின் பாப்பா பாட்டு வந்தது. ஏவலில் அன்பு கலந்தது. பிரம்பு போய்க் கை விரல் வந்தது. எனினும் பேசுபவர் இன்னும் பெரியவரே. தேரூரில் பிறந்து ஆசிரியத் தொழிலில் காலம் கழித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, குழந்தையின் அருகே குனிந்து அமர்ந்து, அது காணும் பொருளைத் தாமும் கண்டு பாடினார். புதுவையில் பள்ளி ஆசிரியராய் இருந்த பாரதிதாசனும் 1958-இல் 'இளைஞர் இலக்கியம்' தந்து, இயற்கையையும் மொழியையும் அறிவையும் சிறுவர் கைக்கு எட்டச் செய்தார். இந்த வரிசையில் வள்ளியப்பாவின் தனி இடம் யாது? அவருடைய சிறந்த பாடல்களில் பெரியவர் அறையைவிட்டே வெளியேறிவிடுகிறார். குழந்தையும் பொருளும் மட்டுமே எஞ்சுகின்றன. இது சிறிய மாறுதலன்று. பாட்டின் உரிமையே கைமாறிவிட்டது என்போம்!

வெறும் கூற்றாக இதை விட்டுவிடாமல் ஒரு பாடலை எடுத்து ஆராய்வோம். தமிழ்நாட்டில் பலரும் அறிந்த லட்டுப் பாட்டு அது. ஒரு தட்டு, அதில் எட்டு லட்டு. கிட்டு என்னும் சிறுவன் பாதியை விட்டுவைத்து மீதியை எடுத்துக்கொள்கிறான். விட்டதைத் தங்கை பட்டு உண்கிறாள். இவனுக்கு நான்கு, அவளுக்கு நான்கு, தட்டு காலி. கதை அவ்வளவுதான்.

முதலில் ஒலியைக் கவனியுங்கள். பாட்டு முழுதும் ஒரே ஓசையின் மேல் நிற்கிறது. வல்லின டகரம் இரட்டித்து உகரத்தில் முடியும் ஓசை அது. நாவின் நுனி மேலண்ணத்தைத் தட்டித் தட்டி விளையாடும் ஓசை. மழலை மாறாத வாய்க்கு இது பயிற்சி என்று தெரியாத பயிற்சி. அகராதி புரட்ட வேண்டிய சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. ஆளின் பெயர்கூட ஓசைக்கு ஏற்ற பெயர். எதுகைக்காகச் சொல்லை வலிந்து இழுத்த தழும்பு எங்கும் இல்லை. யாப்பறிந்த புலவர் ஒருவர் முயன்று பார்க்கட்டும். எளிமை எத்துணைக் கடுமை என்பது விளங்கும்!

அடுத்துக் கணக்கைக் கவனியுங்கள். எட்டில் பாதி நான்கு. நான்கும் நான்கும் எட்டு. எட்டில் எட்டுப் போனால் ஒன்றுமில்லை. வகுத்தல், கூட்டல், கழித்தல் மூன்றும் ஒரு தட்டில் அடங்கிவிட்டன. வங்கிக் கணக்கரின் கை இங்கே தெரிகிறது என்று சொன்னால் மிகையாகுமா?

மூன்றாவதாக நீதியைக் கவனியுங்கள். அல்ல, நீதி என்னும் சொல் அங்கே இல்லாததைக் கவனியுங்கள். ஆண்பிள்ளைக்கு முதற் பந்தி, பெண்பிள்ளைக்கு அடிச்சட்டி என்று வழங்கிய நாடு இது. அந்நாட்டின் குழந்தைப் பாட்டில் அண்ணனுக்கு நான்கு, தங்கைக்கும் நான்கு! 'பெண்ணுக்கும் சமபங்கு தருக' என்று யாரும் முழங்கவில்லை. எண்ணிக்கை பேசுகிறது; எண்ணிக்கை பொய் சொல்லாது. அண்ணன் முந்தி எடுக்கிறான், தங்கை பிந்தி எடுக்கிறாள். பழைய வீட்டு வழக்கத்தின் நிழல் அது என்று ஒருவர் குறை கூறலாம். கூறட்டும், குறை உண்மையே. ஆயினும் அவன் பாதியை விட்டுவிட்ட பிறகே எடுக்கிறான் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

நாம் ஆசிரியப் பணி புரியும் ஆவடிக்கு நாட்டு வரலாற்றில் ஒரு பெயருண்டு. 1955 சனவரியில் இங்கே கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானித்தது. தேபர் தலைமை வகித்தார், நேரு பேசினார், நாளேடுகள் முழங்கின. அந்தத் தீர்மானத்தின் சொற்கள் இன்று ஆவடியில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? லட்டுப் பாட்டோ இங்குள்ள பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. பெரியவர்கள் பந்தலிட்டுப் பேசிய பங்கீட்டைக் கவிஞர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். 'ஆளுக்குப் பாதி' என்று முதற் கதைக்குப் பெயரிட்ட கை அல்லவா அது!

இவ்வூரின் வகுப்பறையைச் சற்று எண்ணுங்கள். 1961-ஐ ஒட்டி எழுந்த கனரக ஊர்தித் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் ஆவடியை உருவாக்கின. பல மாநிலத்து மக்கள் இங்கே குடியேறினர். இன்றும் கட்டட வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் வடக்கிலிருந்து வரும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளை முதல் வகுப்பில் வந்து அமர்கிறது. அதற்குத் தமிழெழுத்துத் தெரியாது. தமிழ்ப் பேச்சும் தெரியாது. உயிரெழுத்து அட்டையைக் காட்டினால் மிரள்கிறது. லட்டுப் பாட்டைப் பாடினால் மூன்றாம் நாள் அந்த ஓசையைத் தானும் தட்டுகிறது. ஐந்தாம் நாள் பொருளைக் கேட்கிறது. வீட்டில் நூலொன்றும் இல்லாத பிள்ளைக்குச் செவிவழி வந்து வாயில் தங்கும் இப்பாட்டே முதல் நூலகம். விலை இல்லை, அட்டை இல்லை, கிழிவதும் இல்லை. வள்ளியப்பாவின் பணியை மதிப்பிடுவோர் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். "எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். எட்டு லட்டை எப்படிப் பிரிப்பது?" என்று கேட்டான். ஆளுக்கு இரண்டு போக இரண்டு மிஞ்சும் என்று கரும்பலகையில் எழுதினோம். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி குரல் கொடுத்தாள்: "மிஞ்சினதை உதிர்த்துவிட்டால் பூந்தி ஆகிவிடும், சார். பூந்தியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரிக்கலாம்!" பாட்டு சொல்லாத ஒன்றைப் பாட்டிலிருந்தே அவள் எடுத்துவிட்டாள். நீதியைச் சொல்லி முடித்த பாடலில் குழந்தை நுழைய இடமில்லை. காலித் தட்டோடு நின்ற பாடலில் இடமிருந்தது. இலக்கியம் என்று நாம் வேறு எதனைச் சொல்கிறோம்?

ஆனால் நாம், ஆசிரியர் கூட்டம், இப்பாட்டுகளுக்கு என்ன செய்கிறோம்? மனப்பாடப் பகுதி என்று முத்திரை குத்துகிறோம். அடி பிறழாமல் எழுதினால் இத்தனை மதிப்பெண். ஒற்றுப் பிழைக்கு இத்தனை கழிவு! 'இப்பாடல் வழி நீ அறியும் நீதி யாது?' என்று கேட்கிறோம். நீதியைச் சொல்லாமல் விட்டதே கவிஞரின் வெற்றி; அந்த வெற்றியை வினாத்தாளில் வைத்து வீழ்த்துகிறோம். அறையைவிட்டு வெளியேறிய பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மீண்டும் நாற்காலியில் அமர்த்துகிறோம். பிரம்பு ஒழிந்தது என்று பெருமை பேசும் பள்ளிகளில் பிரம்பின் வேலையைச் சிவப்பு மை செய்துகொண்டிருக்கிறது!

கவிஞரிடமும் குறை உண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பெரியவர் வெளியேறிய பாடல்களில் அவர் உயர்ந்து நிற்கிறார் என்றோம். பெரியவர் திரும்பி வரும்போது ஒரு படி இறங்குகிறார். 'பாட்டிலே காந்தி கதை' போன்ற நூல்களில் நல்லெண்ணம் நிறைந்திருக்கிறது. ஓசையும் ஒழுகி வருகிறது. ஆனால் அங்கே வியப்பவர் கவிஞர். குழந்தை வியக்குமாறு பணிக்கப்படுகிறது. தலைவரின் பெருமை முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்ட பொருள். கேள்வி கேட்கப் பிள்ளைக்கு வாய்ப்புக் குறைவு. பிள்ளைத்தமிழ் குழந்தையை மன்னனாக்கியது. இங்கே தலைவர் தாத்தா ஆகிறார். இரண்டிலும் வழிபாடு எட்டிப் பார்க்கிறது.

மற்றொரு குறை இதனினும் பெரிது. அவருடைய பாட்டுலகம் பெரும்பாலும் நிறைந்த வீடு. தட்டில் இனிப்பு இருக்கிறது, பொம்மை இருக்கிறது, விளையாடப் பொழுதும் இருக்கிறது. பங்கிடுவதற்குப் பண்டம் உள்ள வீட்டில் சமத்துவம் எளிது. பண்டமே இல்லாத வீட்டின் பிள்ளை எங்கே? விடியற்காலை முதல் மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்கு ஓடும் தாயின் பிள்ளை எங்கே? தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வாசலில் நின்று பள்ளியை எட்டிப் பார்க்கும் அக்காள் எங்கே? 1953-இல் இராசாசி ஆட்சி, பிள்ளை நாளில் பாதி பள்ளியிலும் பாதி தந்தையின் தொழிலிலும் கழிக்கட்டும் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. நாடே கொதித்தெழுந்தது, 1954-இல் காமராசர் முதல்வரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. பாதி என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு! அப்பிள்ளைகளுக்குப் பகலுணவு வந்தது. பின்னர்ச் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. அவர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பாட்டுக்குள் இன்னும் போதிய அளவு வரவில்லை.

இக்குறையை வள்ளியப்பா ஒருவர் தலையிலேயே சுமத்துவது நேர்மையாகாது. தாம் அறிந்த வீட்டை அவர் பாடினார், உண்மையாகப் பாடினார். அறியாத வீட்டை அறிந்தவர் வந்து பாடியிருக்க வேண்டும். நம் கவிஞர் பெருமக்கள் ஏன் வரவில்லை? அங்கேதான் முதலில் எழுப்பிய கேள்விக்கு மீள்கிறோம். அரைக் கவிஞன் என்ற பெயரை யார் விரும்பி ஏற்பார்? சாகித்திய அகாதெமி 1955 முதல் பரிசளித்து வருகிறது; குழந்தை இலக்கியத்துக்கென்று தனிப் பரிசு 2010-இல்தான் பிறந்தது. தமிழில் அம்முதற் பரிசு ம. இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை'க்குக் கிடைத்தது. இடையில் ஓடியவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! தட்டில் இருந்தவற்றைப் பெரியவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள்; குழந்தைக்குப் பாதியும் இல்லை, கால் பங்கும் இல்லை.

பழங்கணக்கு கிடக்கட்டும், இனிச் செய்ய வேண்டுவன யாவை? இளங்கவிஞருக்கு ஒரு சொல்: வள்ளியப்பாவின் ஓசையைக் கற்றுக்கொள்ளுங்கள், அவர் வீட்டையே திரும்பத் திரும்ப வரையாதீர்கள். சங்கொலிக்கு விழிக்கும் தெருவையும், ஓட்டு வீட்டுத் திண்ணையையும், மூன்று மொழி பேசும் விளையாட்டுத் திடலையும் அந்த ஓசைக்குள் கொண்டு வாருங்கள். ஆனால் அழவைப்பதற்காக எழுதாதீர்கள். ஏழைப் பிள்ளைக்கும் சிரிக்கும் உரிமை உண்டு. ஆசிரியத் தோழர்க்கு ஒரு சொல்: கிழமையில் ஒரு பாட வேளையேனும் வினாவற்ற வேளையாக, மதிப்பெண்ணற்ற வேளையாக, பாட்டுக்கு மட்டுமே விடுங்கள். பாடிய பின் 'நீதி யாது' என்று கேளாதீர்கள். பிள்ளைகள் கேட்பதைக் கேளுங்கள். திறனாய்வாளர்க்கு ஒரு சொல்: எட்டு அடிப் பாட்டையும் எண்ணூறு பக்கப் புதினத்தையும் ஒரே கருவி கொண்டு அளக்க முடியாது என்பது உண்மையே, அளக்காமலே விடுவதற்கு அது காரணமாகாது.

வள்ளியப்பாவின் இறுதி நாள் இதற்கெல்லாம் சான்று கூறுகிறது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டும் என்று தீர்மானம் மொழிந்து பேசிய நிலையில் அவர் மயங்கிச் சாய்ந்தார். 1989 மார்ச் 16-இல் மறைந்தார். கல்லூரிப் பட்டம் பெறாத ஒருவர், பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார். தமக்குப் பட்டம் கேட்டுத் தட்டவில்லை. குழந்தைக்கு இடம் கேட்டுத் தட்டினார்.

எந்த அவையிலும் தீர்மானத்தை முன்மொழிய ஒருவர் போதும். வழிமொழியவும் ஒருவர் வேண்டும். அவர் முன்மொழிந்துவிட்டுப் போனார். தமிழ் கற்றோரே, வழிமொழிவீர்களா?